'60 × 4 வாட்' பெட்டியை நம்பிக் கார் ஸ்டீரியோ வாங்குவோர் கவனத்திற்கு

ஸ்டீரியோ இல்லாத அடிப்படை மாடல் கார் வைத்திருப்பவர்களும், பழைய செட்டை மாற்ற நினைப்பவர்களும் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் வேலையை முடித்துவிடலாம் என்ற கணக்குடன் கடைக்குப் போவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். சென்னையில் கார் உதிரி அலங்காரப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பகுதியில் நேர்மையாகத் தொழில் செய்யும் கடைகள் நிறைய உண்டு. நாங்கள் ஏமாற்றப்பட்ட கடையும் அவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது.

எங்களுடையது பழைய ஸ்விஃப்ட். தொடுதிரை உள்ள ஆண்ட்ராய்டு செட், முன் கதவுகளுக்கு ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பின் தட்டுக்கு ஆறுக்கு ஒன்பது ஓவல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் என்று பேசி முடித்தோம். செட்டின் பெட்டியில் '60 × 4 வாட்' (நான்கு ஸ்பீக்கர்களுக்கும் தலா 60 வாட்) என்றும், ஓவல் ஸ்பீக்கரின் பெட்டியில் '400 வாட், நான்கு வழி' (ஒன்றுக்குள்ளேயே நான்கு ஸ்பீக்கர்) என்றும் கொட்டை எழுத்தில் இருந்தது. "சார், இந்த வாட்ஸுக்கு பெரிய கம்பெனில போனீங்கன்னா முப்பதாயிரம் ஆகும்" என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்கு, கணினி பழுதாக இருப்பதாகவும் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகவும் சொன்னார். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

ஒலியைப் பாதியளவு கூட்டுவதற்குள் நான்கு ஸ்பீக்கர்களும் கரகரத்தன. சில நாட்களில் காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி இறங்கியிருந்தது. அடுத்து வந்த மழையில் இடது முன் கதவின் கீழிருந்து தண்ணீர் கசிந்து, காலடி விரிப்பு நனைந்து நாற்றம் எடுத்தது. எங்கள் தெருவில் இருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் கழற்றிக் காட்டியபோதுதான் முழு விவரமும் தெரியவந்தது.

முதலில் வயரிங். காரில் கம்பெனியே பொருத்தித் தந்த கப்ளரை (வயர்களை வெட்டாமல் செருகி இணைக்க உதவும் பிளக்கை) வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். செட்டிலிருந்து வரும் மஞ்சள் வயர் பேட்டரியின் நிரந்தர மின்சாரத்திற்கும், சிவப்பு வயர் சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் மின்சாரத்திற்கும் உரியவை. இரண்டையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர மின்சாரத்தில் இணைத்துவிட்டதால், சாவியை எடுத்த பிறகும் செட் உள்ளுக்குள் விழித்தபடியே இருந்து இரவெல்லாம் பேட்டரியை உறிஞ்சியிருக்கிறது. இதைவிட என்னை அதிர வைத்தது, மஞ்சள் வயரில் இருக்க வேண்டிய ஃபியூஸை எடுத்துவிட்டு நேராக இணைத்திருந்ததுதான். டேஷ்போர்டுக்குப் பின்னால் அந்த வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகியிருந்தால் தீப்பிடித்திருக்கும். அந்தக் காரில்தான் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தோம்.

கதவுக்குள், மழைநீர் உள்ளே வராமல் தடுக்க ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டு, திரும்ப ஒட்டாமலேயே டோர் பேடை மூடியிருக்கிறார்கள். கண்ணாடி வழியாக இறங்கும் நீர் அந்தத் தாளின் பின்பக்கமாக வடிந்து கதவின் அடித் துளைகள் வழியே வெளியேற வேண்டும். தாள் இல்லாததால் அது ஸ்பீக்கரின் மீதும் காருக்குள்ளும் வந்தது.

ஓவல் ஸ்பீக்கரில் நடந்தது அப்பட்டமான மோசடி. நடுவில் வரிசையாகத் தெரிந்த மூன்று ட்வீட்டர்களில் (கீச்சொலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கர்களில்) இரண்டுக்கு வயரே இல்லை. பார்வைக்காக ஒட்டப்பட்ட வெறும் பிளாஸ்டிக். பின்புறம் பெரிய காந்தம்போலத் தெரிந்தது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி; அதைக் கழற்றினால் உள்ளே அதில் பாதியளவு காந்தம்தான் இருந்தது.

வாட் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்று வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. வண்டி ஓடும்போது காரின் மின்சாரம் ஏறக்குறைய 14.4 வோல்ட். வழக்கமான கார் ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். செட்டுக்குள்ளேயே இருக்கும் ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் பகுதி), தனியாக வோல்டேஜை உயர்த்தும் அமைப்பு இல்லாமல், ஒரு ஸ்பீக்கருக்குச் சிதையாத ஒலியாகத் தரக்கூடிய உச்ச வரம்பு சுமார் 26 வாட். நடைமுறையில் நல்ல நிறுவனத்தின் செட்டிலும் 15 முதல் 20 வாட் வரைதான் கிடைக்கும். ஒலி அலையின் உச்சி முழுவதும் வெட்டுப்பட்டுச் சதுரமாகும் அளவுக்கு முறுக்கினால் 52 வாட் வரை கணக்குக் காட்டலாம், ஆனால் அது கேட்கச் சகிக்காத கரகரப்பாக இருப்பதோடு ட்வீட்டர்களையும் கருக்கிவிடும். பெரிய நிறுவனங்கள் பெட்டியில் '50 × 4' என்று போடுவதே இந்த உச்ச எண்ணைத்தான். எங்களுக்கு விற்கப்பட்ட 60 × 4 அந்தத் தாராளமான கணக்கிலும் அடங்காத பொய். இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம்: செட்டின் ஃபியூஸ் 10 ஆம்பியர் என்றால், அதன் வழியே தொடர்ந்து உள்ளே போகக்கூடிய மொத்த மின்சக்தியே 144 வாட், அதிலிருந்து 240 வாட் ஒலி எப்படி வெளியே வரும்? நேர்மையான நிறுவனங்கள் 'ஆர்எம்எஸ்' (தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வாட்) என்று ஓர் எண்ணையும், சிறிய எழுத்திலாவது, குறிப்பிடுகின்றன. அந்த எண் எங்குமே இல்லாத பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு செட்டிலும் இதே கதைதான். செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு 13 என்று காட்டியது. கருவியின் உள் விவரங்களைப் படிக்கும் செயலி ஒன்றை நிறுவிப் பார்த்தபோது ஏபிஐ எண் (ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய உள் எண்) 27 என்று வந்தது. அது 2017 இறுதியில் வெளியான 8.1-க்கு உரியது, 13 என்றால் 33 வர வேண்டும். 2 ஜிபி என்று விற்ற ரேம், உண்மையில் 1 ஜிபி.

கடைக்குப் போய் இவற்றையெல்லாம் காட்டியபோது, "ஒருதடவை மாட்டிட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்" என்பதுதான் பதில். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பதும், குறைபாடுள்ள பொருளை பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் குறிப்பு இல்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கைகள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்தோம். பில் இல்லாவிட்டாலும், யுபிஐ மூலம் பணம் செலுத்திய விவரமும், விலை பேசிய வாட்ஸ்அப் செய்திகளும், கழற்றும்போது எடுத்த படங்களும் எங்களிடம் இருந்தன. அதன் பிறகு ஸ்பீக்கர்களுக்கான பணம் மட்டும் திரும்பி வந்தது. செட்டுக்கும், வயரிங்கைச் சரிசெய்ய ஆன செலவுக்கும் கடைக்காரர் இன்னும் மறுத்துவருவதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகத் தயாராகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருட்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும்.

குறைந்த செலவில் நல்ல ஒலி வேண்டுவோர் நான்கு ஸ்பீக்கர், தொடுதிரை என்ற ஆசையை முதலில் ஒதுக்கிவைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. தெரிந்த நிறுவனத்தின் ப்ளூடூத், யுஎஸ்பி மட்டும் உள்ள சாதாரண செட்டும், முன் கதவுகளுக்கு ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கரும் போதும். காரில் பாட்டுக் கேட்பவர்கள் பெரும்பாலும் முன்னிருக்கையில்தான் இருக்கிறார்கள். ஸ்பீக்கரில் வாட்டைவிட சென்சிடிவிட்டி (கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) என்ற எண்ணைப் பாருங்கள். 90 டெசிபெலோ அதற்கு மேலோ இருந்தால் செட்டின் சிறிய ஆம்பே தாராளமாகப் போதும், ஏனெனில் 3 டெசிபெல் கூடுதலாக இருப்பது ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். இறக்குமதியான பொருளின் பெட்டியில் அதிகபட்ச விலையும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி; எங்கள் பெட்டிகளில் அவை இல்லை.

பொருத்தும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கிக் கொடுத்து, கம்பெனி வயரை வெட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டோர் பேடை மூடுவதற்கு முன் பிளாஸ்டிக் தாள் திரும்ப ஒட்டப்பட்டதா என்றும், கண்ணாடியை முழுவதும் இறக்கினால் ஸ்பீக்கரில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், ஃபியூஸ் தன் இடத்தில் இருக்கிறதா என்று கேட்டுக் கண்ணால் பார்த்துவிட்டு, சாவியை வெளியே எடுத்தால் செட் முழுமையாக அணைகிறதா என்பதையும், மறுபடி போட்டால் நேரமும் வானொலி நிலையங்களும் அழியாமல் இருக்கின்றனவா என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.