நாலு வருஷமாக டாங் டெஸ்டர் வைத்திருக்கிறேன்: போர்வெல் மோட்டார் சொல்லிக்கொடுத்த கணக்கு

பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டு போர்வெல்லில் 1.5 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை காயில் எரிந்தது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன் இரண்டு தடவையும் "லோ வோல்டேஜ்ங்க, லைன்லயே வரல" என்றார். இரண்டாவது தடவை காயில் கட்டக் கொடுத்துவிட்டு வரும்போதே தர்மபுரியில் ஒரு டாங் டெஸ்டர் (ஒயரை வெட்டாமல் வெளியே கவ்வியே கரண்டை அளக்கும் மீட்டர்) வாங்கினேன். நாலு வருஷம் ஆகிறது, இன்னும் அதேதான்.

மோட்டார் ஓடாதபோது மெயின் போர்டில் 226 வோல்ட், நூறு மீட்டர் தள்ளி ஸ்டார்ட்டர் பெட்டியிலும் 226. லைனில் என்ன குறை என்று முதலில் புரியவில்லை. மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தேன், போர்டில் 224, பெட்டியில் 201, கரண்ட் 10 ஆம்ப்ஸ். ஆக 23 வோல்ட் ஒயரிலேயே போகிறது, 23ஐ 10ஆல் வகுத்தால் ஒயரின் தடை 2.3 ஓம். 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயருக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 7.5 ஓம், போக வர 200 மீட்டருக்கு 1.5 ஓம்தான் இருக்க வேண்டும். மீதி 0.8 ஓம் எங்கே? கரண்டை கரண்டாலேயே பெருக்கி ஓமால் பெருக்கினால் வாட்ஸ் வந்துவிடும், 10 × 10 × 0.8, அதாவது 80 வாட்ஸ். சாதாரண சால்டரிங் அயர்னே 25 வாட்ஸ்தான், அப்படியானால் எங்கேயோ ஒரு இடம் நன்றாகச் சுட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒயர் போகும் வழியெல்லாம் தேடினேன். புளியமரத்தடியில் ஒரு பழைய ஜாயிண்ட், டேப் உருகி ஒட்டிப்போய், பிரித்தால் காப்பர் கருத்து நொறுங்கியது. மெயினை ஆஃப் செய்து, வெட்டி, புது லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) வைத்து இறுக்கியதும் பெட்டியில் 209 வந்தது. அதற்கப்புறம் காயில் எரியவில்லை.

மோட்டாரில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். வோல்ட்டைக் கரண்டால் வகுத்தால் 20 ஓம் வருகிறதே என்று அதைக் காயிலின் ஓம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, காயிலை நேரடியாக அளந்தால் சில ஓம்தான் காட்டும். ஏசி கரண்டில் காயில் வேறு விதமாகவும் கரண்டைத் தடுக்கிறது. வாட்ஸுக்கும் வோல்ட்டையும் கரண்டையும் பெருக்கியதோடு பவர் ஃபேக்டரையும் (அந்தப் பெருக்கலில் உண்மையில் வாட்ஸாகும் பங்கு) பெருக்க வேண்டும்.

ஹீட்டரில் அந்தச் சிக்கல் இல்லை. எங்கள் வாட்டர் ஹீட்டர் 1500 வாட்ஸ், 230 வோல்ட்டில் 6.5 ஆம்ப்ஸ், அதாவது 35 ஓம். மார்கழிக் காலையில் ஒருநாள் 190 வோல்ட்தான் வந்தது, கரண்டும் 5.4 ஆகிவிட்டது, பெருக்கினால் 1026 வாட்ஸ். வோல்ட் குறைந்தது ஆறில் ஒரு பங்கு, சூடு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, தண்ணீர் காய ஒன்றரை மடங்கு நேரம்.

சரி, மீட்டரைப் பற்றி. கிளாம்ப் இன்னும் உறுதியாக இருக்கிறது. புரோப் ஒயர்தான் கழுத்துப் பக்கம் ஒரு வருஷத்திலேயே விட்டுப்போனது, தனியாக வாங்கி மாற்றினேன். பேட்டரி குறி வந்த பிறகும் ஓட்டினால் அளவு தப்பாகக் காட்டும், உடனே மாற்றிவிடுங்கள். கிளாம்புக்குள் ஒரு ஒயரை மட்டும் விட வேண்டும், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து விட்டால் ஜீரோதான் காட்டும். கரண்ட் இருக்கும்போது ஓம் ரேஞ்சில் புரோப்பை வைக்கவே வைக்காதீர்கள். என்னுடையது ஏசி கரண்ட் மட்டும்தான் அளக்கும், சோலார் போட்டிருப்பவர்கள் டிசி கிளாம்ப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.