கரண்ட் போய் வந்தால் டிஎஸ்பி தானாக எழுமா? மூன்று பூட் வழிகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டிரைவ் பேனல் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்புகிறது. பக்கத்தில் லேப்டாப் இல்லை, டிசைன் செய்தவரும் இல்லை. உள்ளே மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸர் சிப்) யார் உதவியும் இல்லாமல் வேலைக்குத் தயாராக வேண்டும். பூட் வழியை, அதாவது சிப் எழும்போது ப்ரோக்ராமை எங்கிருந்து எடுக்கும் என்பதைத் தேர்ந்தெடுக்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஃப்28335 சிப்பை எடுத்துக்கொள்வோம். ரீசெட் முடிந்ததும் ஓடுவது நம் ப்ரோக்ராம் அல்ல. தயாரிக்கும்போதே சிப்புக்குள் எழுதப்பட்ட பூட் ரோம். எந்த வழியில் பூட் ஆவது என்று தெரிந்துகொள்ள அது ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்) 84 முதல் 87 வரை நான்கு பின்களைப் படிக்கும். நான்கும் 1 என்றால் உள் ஃபிளாஷ், அதாவது கரண்ட் போனாலும் அழியாத மெமரி. 84 மட்டும் 0 என்றால் சீரியல் போர்ட். 85 மட்டும் 0 என்றால் எஸ்பிஐ என்ற சீரியல் இணைப்பில் வரும் வெளி மெமரி. இந்தப் பின்களை 1-க்கு இழுத்து வைக்கும் புல்-அப் உள்ளேயே உண்டு என்பதால், எதையும் இணைக்காமல் விட்டால் ஃபிளாஷ்தான்.

ஃபிளாஷ் பூட்டுக்கு வெளியிலிருந்து ஒன்றும் வேண்டாம். ஆனால் பூட் ரோம் வந்து குதிக்கும் இடத்தில் இருப்பது இரண்டே வேர்டு (ஒரு வேர்டு 16 பிட்). அதை ஒட்டியே சிப்பைப் பூட்டும் 128 பிட் பாஸ்வேர்டு தொடங்கிவிடுகிறது. அதனால் அங்கே வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் ஒரு பிராஞ்ச் கட்டளை மட்டும்தான் வைக்க முடியும். அது நம் தொடக்க ப்ரோக்ராமுக்கு அனுப்பும். பாஸ்வேர்டு முழுவதையும் சுழியமாக எழுதிவிட்டால் சிப் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் கை வைக்கும்போது நிதானம் வேண்டும்.

இன்னொரு சிக்கல் வாட்ச்டாக், அதாவது ப்ரோக்ராம் உரிய நேரத்தில் கவனிக்காவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர். 30 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில், ஆரம்ப செட்டிங்கிலேயே விட்டால், சுமார் 4.4 மில்லிசெகண்டில் அது ரீசெட் அடித்துவிடும். பெரிய குளோபல் அரேக்களுக்கு ஆரம்ப மதிப்பு ஏற்றி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துபோகலாம். மெயின் ஃபங்ஷனை எட்டாமலே சிப் சுற்றிச் சுற்றி ரீசெட் ஆகும். தொடக்க ப்ரோக்ராமிலேயே வாட்ச்டாகை நிறுத்திவைப்பதுதான் வழி. அப்புறம் வேகம்: ஃபிளாஷிலிருந்து நேரடியாக ஓடினால் வெயிட் ஸ்டேட் (மெமரிக்காக ப்ராசஸர் காத்திருக்கும் நேரம்) உண்டு. திரும்பத் திரும்ப வேகமாக ஓட வேண்டிய கன்ட்ரோல் லூப்பை ரேமுக்கு நகலெடுத்து ஓட்டுங்கள். வெயிட் ஸ்டேட்டை மாற்றும் ஃபங்ஷனும் ரேமிலிருந்துதான் ஓட வேண்டும்.

எஸ்பிஐ பூட்டில் ப்ரோக்ராம் வெளி மெமரியிலிருந்து ரேமுக்கு வரும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்தச் சிப் எளிதாகக் கிடைக்கும்தான். ஆனால் உள்ளேயே 512 கிலோபைட் ஃபிளாஷ் இருக்கும்போது கூடுதல் சிப்பும் கூடுதல் சால்டரிங்கும் எதற்கு? உள் ஃபிளாஷே இல்லாத டிஎஸ்பிக்கு இது சரியான வழி. இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சீரியல் பூட்டில் மறுமுனை முதலில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை அனுப்ப வேண்டும். அதை வைத்து டிஎஸ்பி பாட் ரேட்டை (சீரியல் இணைப்பின் வேகத்தை) கண்டுபிடிக்கும். பிறகு வரும் ஒவ்வொரு பைட்டையும் திருப்பி அனுப்பும். எல்லாம் ரேமில் ஏறுவதால், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். தினசரி பூட்டுக்கு இது ஒத்துவராது.

ஆனால் பேனலுக்குள் இருக்கும் போர்டைக் கழற்றாமல் ஃபிளாஷைப் புதுப்பிக்க இதைவிட வசதியான வழி இல்லை. ஃபிளாஷில் எழுதும் சின்ன ப்ரோக்ராம் ஒன்றை ரேமில் ஏற்றினால், அது ஃபிளாஷை அழித்துப் புதிதாக எழுதிவிடும். ஆகவே ஃபிளாஷ் பூட்டை வைத்துக்கொண்டு, ஜிபிஐஓ 84-ஐ கிரவுண்டுக்கு இழுக்க ஒரு ஜம்பரும் சீரியல் கனெக்டரும் போர்டில் கட்டாயம் போடுங்கள். ஜம்பரைக் கை எட்டும் ஓரத்தில் வையுங்கள். ஹீட் சிங்க்குக்கு அடியில் வேண்டாம்.