தோல் தைக்கும் மெஷின்: நூலும் ஊசியும் பொருந்தினால்தான் தையல்

தோல் மெஷினில் தையல் சரியாக விழவில்லை என்றால் கை முதலில் போவது நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகுக்குத்தான். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது, ஊசியில்தான் இருக்கும். பர்ஸ், பை, பெல்ட் என்று வாக்கிங் ஃபுட் மெஷினில் (தோலை அழுத்தும் பாதமும் கூடவே நகரும் மெஷின்) தொடர்ந்து தைத்துப் பழகியதில் இதை உறுதியாகச் சொல்ல முடியும். நூலை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற ஊசியை மாட்டி, அதன் பிறகு திருகைத் தொட்டால் பாதித் தொல்லை தானாகவே போய்விடும்.

நூல் வாங்கும்போதே குழப்பம் வரும், ஒரே நூலுக்கு மூன்று எண்கள் இருப்பதால். டெக்ஸ் என்பது 1000 மீட்டர் நூலின் எடை, கிராமில். டிக்கெட் எண் அதற்கு நேர் எதிர்: 3000ஐ டெக்ஸால் வகுத்தால் கிட்டத்தட்ட அந்த எண் வரும், எண் குறையக் குறைய நூல் தடிக்கும். மூன்றாவது அமெரிக்க எண். டெக்ஸ் 70 என்றால் டிக்கெட் 40, அமெரிக்க எண் 69. டெக்ஸ் 135 என்றால் டிக்கெட் 20, அமெரிக்க எண் 138. கடையில் வெறுமனே ‘இருபதாம் நம்பர்’ என்று கேட்காமல் டிக்கெட்டா டெக்ஸா என்றும் சொல்லிவிடுங்கள்.

ரகம் என்று பார்த்தால் பாண்டட் நைலான்தான் எங்கள் முதல் தேர்வு. இழைகள் பிரியாமல் மேலே பிசின் பூசியிருப்பார்கள். உராய்வைத் தாங்கும், கொஞ்சம் இழுபடும். ஆனால் வெயிலில் நாள்பட்டால் நைலான் நலிந்துபோகும். கார் சீட், பைக் சீட், வெளியில் கிடக்கும் பொருள் எதுவானாலும் பாண்டட் பாலியஸ்டர் போடுங்கள். பருத்தி நூலை மெஷின் தோல் வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

மெல்லிய ஆட்டுத்தோல் பர்ஸில், ஓரம் சீவி மடித்த பிறகு மொத்தக் கனம் 2 மி.மீ. அளவில் இருக்கும். அதற்கு டெக்ஸ் 70 நூல், 100 அல்லது 110 ஊசி, தையல் நீளம் 3 மி.மீ. போதும். எடுப்பாகத் தெரியட்டும் என்று இதில் டெக்ஸ் 135 போட்டால், மேல் நூலும் பாபின் நூலும் (அடியில் சின்ன உருளையில் சுற்றிய கீழ் நூல்) பின்னும் முடிச்சு ஒளிய இடம் இருக்காது. மேலேயோ கீழேயோ புள்ளி புள்ளியாகத் துருத்தும். எந்த டென்ஷனாலும் அதைச் சரிசெய்ய முடியாது. 3 முதல் 4 மி.மீ. மாட்டுத்தோல் பைக்கு டெக்ஸ் 135, ஊசி 140, தையல் 4 மி.மீ. பெல்ட் போன்ற கனமான வேலைக்கு மேலே டெக்ஸ் 210, கீழே டெக்ஸ் 135, ஊசி 160 அல்லது 180. பாபினில் ஒரு படி மெல்லிய நூல் போட்டால் முடிச்சு சின்னதாகி உள்ளே இழுபடும். பாபினிலும் கூடுதல் நீளம் பிடிக்கும்.

ஊசி எண் அதன் தடிமனைத்தான் சொல்கிறது: 140 என்றால் 1.40 மி.மீ. மேலே சொன்ன அளவுகள் வழிகாட்டிதான், தோல் எப்படிப்பட்டது என்பதும் கணக்கில் வரும். பட்டைச் சாற்றில் பதனிட்ட இறுக்கமான தோல் நூலைக் கவ்விப் பிடிக்கும், அங்கே ஊசியை ஒரு அளவு ஏற்றிக்கொள்ளலாம். குரோம் உப்பில் பதனிட்ட மிருதுவான தோலுக்கு ஒரு அளவு இறக்கினாலும் ஓடும்.

பொருத்தம் பார்க்க எளிய வழி உண்டு. ஒரு முழ நூலை ஊசிக் காதில் கோத்து, இரு முனையையும் பிடித்துச் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி மெல்லச் சுழன்றபடி கீழே இறங்கினால் சரி. பாதியில் நின்றால் காது சின்னது. அந்த ஊசியில் நூல் பிசிறும், முடிச்சு அடியிலேயே தங்கும். சுழலாமல் சடாரென்று விழுந்தால் காது பெரிது. ஓட்டை வெளியே தெரியும், முடிச்சு மேலே ஏறும்.

முனையிலும் கவனம் வேண்டும். 135எக்ஸ்17 என்ற ஊசி ரகம் உருண்டை முனை, துணிக்கு. அதே நீளத்தில் 135எக்ஸ்16 தோல் முனை, வெட்டிக்கொண்டு இறங்கும். தோல் முனையிலேயே எல்ஆர் வகை தையல் வரிக்குச் சாய்வாகக் கீறும். மேலே ஒவ்வொரு தையலும் லேசாகச் சாய்ந்து அழகாக விழும், எங்கள் மெஷினில் பெரும்பாலும் இருப்பது இதுதான். எஸ் வகை வரியின் திசையிலேயே கீறுவதால் தையல் நேராகப் படியும். ஆனால் அதில் தையல் நீளத்தைக் குறைத்தால் கீறல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, தபால்தலை ஓரம்போல் தோல் கிழிந்துவிடும். நாடாவோ கேன்வாஸ் லைனிங்கோ சேர்ந்த இடத்தில் தோல் முனை துணியின் இழைகளை அறுக்கும். அங்கே உருண்டை முனையே பாதுகாப்பு.

இடையிடையே தையல் விழாமல் விட்டுப்போகிறதா? முனை மழுங்கியிருக்கிறதா, ஊசி வளைந்திருக்கிறதா, ஷேங்க் (ஊசியின் தடித்த மேல் பகுதி) மேலே முட்டும்வரை ஏறியிருக்கிறதா, ஊசியின் நீள் பள்ளம் நூல் நுழையும் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் விட்டால், ஊசி மேலே வரும்போது தோலும் கூடவே எழும்புகிறதா என்று ஃபுட் அருகில் குனிந்து கவனியுங்கள். தோல் எழும்பினால் நூல் வளையம் உருவாகாது, அடியில் சுழன்று அந்த வளையத்தைப் பிடிக்கும் கொக்கியான ஹூக் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஃபுட் அழுத்தத்தைக் கூட்டினால் நிற்கும். 110லிருந்து 160க்குத் தாவும்போது ஹூக் முனை ஊசியில் உரசுகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்காமல் மோட்டாரை ஓட்டாதீர்கள்.

தையல் முடிவில் ரிவர்ஸ் இரண்டு மூன்று தையல் போதும். அதற்கு மேல் போனால் தோல் முனை ஏற்கெனவே விழுந்த நூலையே வெட்டிவிடும். மேல் நூலை அடிப்பக்கம் இழுத்து, 2 மி.மீ. விட்டு நறுக்கி, லைட்டரால் உருக்கி அழுத்திவிடுங்கள்.