ஹோல்டர் பதிவு: வாட்ஸ்அப்பிலா, இணையதளத்திலா?

நெஞ்சில் ஒட்டிய ஹோல்டர் கருவி 24 மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் இதயத்துடிப்புகளைப் பதிவுசெய்கிறது. அதில் ஒரு துண்டை டியூட்டி டாக்டர் படமெடுத்து, இதயநோய் நிபுணருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார். வேகத்தில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் துடிப்பு வரைபடத்தில் 0.04 நொடியைக் குறிக்கும் சின்னக் கட்டம் படத்தில் மங்கினால் துடிப்பின் நேரத்தை எதை வைத்து அளப்பது? வழியில் வேறு யாரும் படிக்காதபடி குறியாக்கம் உண்டு, சரி. போய்ச் சேர்ந்தபின் அந்தப் படம் நோயாளியின் பெயரோடு நிபுணரின் போன் கேலரியில், பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் கிடக்கும்.

ஒழுங்காக அமைத்த மருத்துவமனைத் தளத்தில் முழுப் பதிவும் இருக்கும். மயக்கம் வந்த நிமிடத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம். யார், எப்போது திறந்தார் என்பதும் பதிவாகும். கடவுச்சொல், அப்புறம் ஓடிபி என்று எரிச்சல்தான். இருந்தாலும் அவசரத்தைப் போனில் சொல்லிவிட்டு, பதிவைத் தளத்தில் பார்க்கச் சொல்வதே என் கட்சி.