பயணிகளுக்கான தாய்லாந்து மொழிச் செயலி: பேச வைக்கிறது, கேட்கப் பழக்கவில்லை

பாங்காக், சியாங் மாய் என்று சில நாள் சுற்றிவரக் கிளம்புகிறவர்களுக்காக, அன்றாடச் சொற்றொடர்களை ஒலிப்பாடங்களாகத் தரும் கட்டணச் செயலி இது. தாய்லாந்து நாட்டவரே பேசிப் பதிவு செய்திருப்பது இதன் பெரிய பலம். ஐந்து தொனிகள் (சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள்) கொண்ட மொழியைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க முடியும். ‘காரம் வேண்டாம்’ என்பதற்கான ‘மை பெட்’டில் ‘மை’ இறங்கும் தொனியில் வரும், ‘காரமா?’ என்று கேட்கும் ‘பெட் மை’யிலோ அது ஏறும் தொனியில் ஒலிக்கும் வேறொரு சொல். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து, முதலில் மெதுவாகவும் பிறகு இயல்பான வேகத்திலும் ஒலிக்கச் செய்திருக்கிறார்கள். மரியாதைக்காக வாக்கிய இறுதியில் ஆண்கள் சேர்க்கும் ‘க்ரப்’, பேச்சுவழக்கில் ரகரம் தேய்ந்து ‘கப்’ என்றே கேட்கும் என்பதையும் பதிவு மறைக்கவில்லை.

எழுத்து வடிவம்தான் சறுக்கல். எல்லாம் ஆங்கில எழுத்தில் இருப்பதால் குறில் எது, நெடில் எது என்று தெரிவதில்லை. தமிழில் குறித்துக்கொண்டால் அந்தச் சிக்கல் தீரும், ஆனால் வேறொன்று முளைக்கும்: காரத்தைக் குறிக்கும் ‘பெட்’டில் பகரத்தை மூச்சுக்காற்றோடு சொல்ல வேண்டும், மூச்சின்றிச் சொன்னால் அது வாத்து. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே என்பதால், மூச்சொலிக்கு ஏதேனும் ஓர் அடையாளம் இட்டுக்கொள்வது நல்லது.

சைவ உணவுக்காரர்களுக்கு இச்செயலி பாதி வழிதான் காட்டுகிறது. சைவத்தைக் குறிக்கும் ‘மங்சவிரட்’ என்ற சொல்லோடு அது நிறுத்திக்கொள்கிறது. தெருக்கடைகளில் கைகொடுக்கும் சொல் ‘ஜே’. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தால் இதை எழுதியிருக்கும் கடைகளில் இறைச்சி, மீன், முட்டை மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. மற்ற கடைகளில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள் என்பதால், ‘மை சை நாம் ப்லா’ (மீன் சாறு சேர்க்க வேண்டாம்) என்ற தொடர் முதல் பாடத்திலேயே இருந்திருக்க வேண்டும். இதில் அது எங்குமே இல்லை.

பாட வரிசையும் பயணிக்கு ஏற்றதன்று. பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதற்கும் நலம் விசாரிப்பதற்கும் பல பாடங்களைச் செலவிட்டுவிட்டு, எண்களைக் கடைசியில் தள்ளியிருக்கிறார்கள். ‘தாவ் ரை?’ என்று விலை கேட்கக் கற்றவருக்குக் கடைக்காரர் ‘ரோய் யீ சிப்’ என்றால் அது 120 பாட் என்று விளங்க வேண்டாமா? இரண்டு ‘சோங்’ என்றாலும் இருபது ‘யீ சிப்’, பதினொன்று ‘சிப் எட்’ என்பன போன்ற விலக்குகள், கேட்டுப் பழகினாலன்றிச் சந்தையில் நினைவுக்கு வருவதில்லை. பதில்களைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சி ஒன்றுகூட இல்லாததைப் பெருங்குறை என்றே சொல்வேன்.

வாங்குகிறவர்கள் எண்களிலும் உணவுப் பாடங்களிலும் தொடங்கி, அறிமுகப் பாடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாடங்களைப் பதிவிறக்கிக்கொண்டால் இணையமின்றியும் இயங்குகிறது. பயணத் தேவைக்கு மாதச் சந்தாவே போதும். ஆண்டுச் சந்தா கட்டும் அளவுக்கு இதில் சரக்கு இல்லை.