ஒரே சர்வர், லைன் வீடு கணக்கு: ஃப்ரீபிஎஸ்டி ஜெயிலுக்குள் இசட்எஃப்எஸ் ஒப்படைப்பு

செவ்வாய்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளின் கணக்கு மென்பொருளையும் ஏற்காட்டு விடுதிகளின் அறை முன்பதிவுத் தளத்தையும் சேர்த்து ஓட்டுகிற ஒரு சின்ன ஆபீசுக்கு ஆளுக்கொரு சர்வர் கட்டுப்படியாகாது. ஒரே பெட்டியில் தடுப்பு போட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் அந்தத் தடுப்புக்குப் பெயர் ஜெயில். 2000-இல் 4.0 பதிப்போடு வந்தது. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு 2008-இல் 7.0-இல் சேர்ந்தது. இரண்டையும் இணைத்து, ஒரு டேட்டாசெட்டை, அதாவது இசட்எஃப்எஸ்ஸில் தனியாகப் பிரித்த ஒரு சேமிப்புப் பகுதியை, ஜெயிலுக்கே ஒப்படைத்துவிடும் வசதியைத்தான் இங்கே பார்க்கிறோம். காசு கிடையாது. அமைப்பதற்கு ஒரு மத்தியானம் போகும்.

ஒப்படைக்காமலும் ஓட்டலாம். ஹோஸ்டில், அதாவது ஜெயில்களைத் தாங்கும் மூல இயந்திரத்தில், இருக்கும் ஒரு அடைவை (டைரக்டரி) நல்எஃப்எஸ் என்ற வசதி மூலம் ஜெயிலுக்குள் காட்டினால் கோப்பு எழுதலாம், படிக்கலாம், அவ்வளவுதான். மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் உறைந்த பிரதி) எடுக்க வேண்டுமென்றால் ஹோஸ்ட் நிர்வாகிக்குப் போன் போட வேண்டும். அவர் சாப்பிடப் போயிருந்தால் வேலை நிற்கும். ஒப்படைத்துவிட்டால் ஸ்னாப்ஷாட், ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்புவது), குளோன் (எழுதக்கூடிய நகல்), உள்ளுக்குள் புது டேட்டாசெட் என்று எல்லாவற்றையும் ஜெயிலின் ரூட்டே (முழு அதிகார நிர்வாகி) செய்துகொள்வார். லைன் வீட்டில் ஒரு போர்ஷனின் சாவியைக் கொடுப்பது மாதிரி: உள்ளே அலமாரியை எங்கே வைப்பது என்பது குடியிருப்பவர் இஷ்டம், கிணற்று மோட்டார் சுவிட்ச் ஓனர் வீட்டில். டிஸ்க்குகளின் தொகுப்பான பூலை ஸ்க்ரப் செய்வதும் (பிழை சோதிப்பதும்) டிஸ்க் மாற்றுவதும் ஜெயிலுக்குள்ளிருந்து நடக்காது.

அமைக்கும் முறை இது. ஹோஸ்டில் டேட்டாசெட்டை உருவாக்கும்போதே ஜெயில்டு என்ற பண்பை ஆன் செய்து, கோட்டாவையும் (இட வரம்பு) போட்டுவிட வேண்டும். மவுன்ட் செய்ய, அதாவது டேட்டாசெட்டை ஒரு அடைவில் பொருத்த, ஜெயில்.கான்ஃப் கோப்பில் அலவ்.மவுன்ட், அலவ்.மவுன்ட்.இசட்எஃப்எஸ் இரண்டும் வேண்டும். என்ஃபோர்ஸ்_ஸ்டாட்எஃப்எஸ் இயல்பாக 2-இல் இருக்கும். அதை 1-க்கு இறக்க வேண்டும். இதை மறந்துவிட்டு மீதி எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டு, மவுன்ட் ஏன் மறுக்கப்படுகிறது என்று மணிக்கணக்கில் தேடுகிறவர்கள்தான் அதிகம். 1 என்று வைத்தால் ஜெயிலுக்குத் தன் வேருக்குக் கீழே உள்ள மவுன்ட்கள் மட்டும் தெரியும். 0 வைக்கத் தேவையே இல்லை.

அடுத்தது டெவ்எஃப்எஸ், சாதனக் கோப்புகளைக் காட்டும் அமைப்பு. ஜெயிலுக்குள் இசட்எஃப்எஸ் சாதனக் கோப்பு தெரிந்தாக வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியோடு கூடவே வரும் 4-ஆம் எண் விதித்தொகுப்பு அதைக் காட்டிவிடுகிறது. சொந்தமாக விதி எழுதிக்கொண்டவர்கள் அந்த ஒரு வரியை விட்டுவிட்டால், உள்ளே எந்த இசட்எஃப்எஸ் கட்டளையும் தொடக்கத்திலேயே படுத்துவிடும்.

டேட்டாசெட்டை இணைக்கும் கட்டளையை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் பெரிய விபத்து. பழைய குறிப்புகளைப் பார்த்து எக்ஸெக்.போஸ்ட்ஸ்டார்ட்டில் வைக்கிறார்கள். அதற்குள் ஜெயிலின் சேவைகள் எழுந்துவிட்டிருக்கும். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தன் தரவு அடைவைப் பார்க்கும், காலியாக இருக்கும். ஸ்கிரிப்ட் தானே புது தரவுத்தளம் உருவாக்குகிற வகையாக இருந்தால் காலி அடைவிலேயே கடை திறந்துவிடும். அப்புறம் டேட்டாசெட் மேலே வந்து மவுன்ட் ஆகும்போது இடைப்பட்ட நேரத்தில் எழுதியது அடியில் மறைந்துபோகும். சரியான இடம் எக்ஸெக்.கிரியேட்டட்: ஜெயில் உருவானதும், உள்ளே எதுவும் ஓடும் முன் அது நடக்கும். ஜெயிலின் தொடக்க அமைப்புக் கோப்பான ஆர்சி.கான்ஃபில் இசட்எஃப்எஸ்_எனேபிள் யெஸ் என்று இருந்தால் மவுன்ட் முதலில், சேவைகள் பிறகு என்று வரிசை ஒழுங்காகும். இதே காரணத்தால் ஜெயிலின் வேர் டேட்டாசெட்டையே ஒப்படைக்க முடியாது. அதற்கு அடியில் தரவுக்கென்று தனி டேட்டாசெட் வேண்டும்.

மவுன்ட்பாயின்ட்டை (மவுன்ட் ஆகும் இடம்) ஜெயிலின் பார்வையில் எழுத வேண்டும். ஹோஸ்டின் முழுப் பாதையைக் கொடுத்தால் ஜெயிலுக்குள்ளே ஜெயில் மாதிரி நீண்ட அடைவு முளைக்கும்.

ஜெயில்டு ஆன ஒன்றை ஹோஸ்டில் மவுன்ட் செய்யப் போனால், டேட்டாசெட் ஒரு லோக்கல் ஸோனுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று பிழை வரும். ஃப்ரீபிஎஸ்டியில் ஸோன் என்று ஒன்று ஏது? இசட்எஃப்எஸ் பிறந்த சோலாரிஸ் என்ற இயங்குதளத்தில் ஜெயில் மாதிரியானதற்கு அந்தப் பெயர். அந்தக் காலத்து வாசகம், இன்னும் அப்படியே கிடக்கிறது. ஆனால் மறுப்பதற்கான காரணம் நியாயமானது. ஜெயில் ரூட் மவுன்ட்பாயின்ட்டை எங்கே வேண்டுமானாலும் திருப்பியிருக்கலாம், உள்ளே செட்யுஐடி கோப்பு (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடுவது) வைத்திருக்கலாம். ஹோஸ்டில் திறந்தே ஆக வேண்டுமென்றால் ஜெயில்டை ஆஃப் செய்யும் முன் மவுன்ட்பாயின்ட்டை நாமே புதிதாக எழுதி, செட்யுஐடியையும் எக்ஸெக்கையும் (நிரல் ஓட்டும் அனுமதி) ஆஃப் செய்துவிட வேண்டும்.

கோட்டா விஷயத்தில் பாதுகாப்பு நன்றாக இருக்கிறது. ஒப்படைத்த டேட்டாசெட்டின் கோட்டாவை உள்ளிருந்து மாற்ற முடியாது. அதன் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ளே பங்கு பிரித்துக்கொள்ளலாம். டேட்டாசெட், ஸ்னாப்ஷாட் எண்ணிக்கைக்கு வரம்பு போடும் ஃபைல்சிஸ்டம்_லிமிட், ஸ்னாப்ஷாட்_லிமிட் இரண்டுக்கும் இதே விதி. அவற்றையும் போடுங்கள். மணிக்கொரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு அழிக்க மறந்த கிரான் வேலை (நேரம் குறித்துத் தானாக ஓடுவது) ஒன்று போதும், பட்டியல் ஆயிரக்கணக்கில் நீளும்.

கடிக்கிற இடம் வேறு. கோட்டாவில் ஸ்னாப்ஷாட்டும் சேரும். 40 ஜிபி கோட்டாவில் தரவுத்தளம் 14 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். பழைய ஸ்னாப்ஷாட்கள் 26 ஜிபியைப் பிடித்துக்கொண்டால் எழுதுவது நின்றுவிடும். உள்ளே இடத்தைக் கணக்கிடும் டியு கட்டளையைப் போட்டால் 14தான் காட்டும், வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். கோப்பை அழித்தாலும் இடம் திரும்பாது, ஏனென்றால் ஸ்னாப்ஷாட் அதைப் பிடித்திருக்கிறது. இசட்எஃப்எஸ் லிஸ்ட்டுக்கு ஸ்பேஸ் என்ற காட்சியைக் கேட்டால் ஸ்னாப்ஷாட் பிடித்த இடம் தனிப் பத்தியாக வரும். சாவி கொடுக்கும் நாளிலேயே இந்த ஒரு கட்டளையைக் கற்றுக்கொடுத்துவிடுவது நல்லது.

இன்னொரு குறை. எழுதியது டிஸ்க்கில் பதிந்த பின்பே உறுதி சொல்ல வைக்கும் சிங்க் பண்பை ஜெயில் ரூட் டிசேபிள்டு என்று மாற்ற முடியும். வேகம் கூடும், அதனால் ஆசை வரும். மழைக்காலத்தில் ஏற்காட்டு மலையில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டால் கோப்பு அமைப்பு கெடாது. ஆனால் கடைசிச் சில விநாடிகளில் உறுதி சொன்ன முன்பதிவு காணாமல் போயிருக்கும். ஹோஸ்டிலிருந்து வாரம் ஒருமுறை அந்தப் பண்பைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. தன்னைத் தாங்கும் மேல் டேட்டாசெட்களின் பெயர்களும் ஜெயிலுக்குத் தெரியும். வாடிக்கையாளர் பெயரை அங்கே வைக்காதீர்கள்.

டெபியன், உபுண்டு ஓட்டுபவர்களுக்கு 2023-இல் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.2-இல் லினக்ஸ் நேம்ஸ்பேஸுக்கு (லினக்ஸின் தடுப்பு முறை) ஒப்படைக்கும் வசதி உண்டு. லினக்ஸ் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் இன்கஸில் அதை ஒரு வால்யூம் அமைப்பாகவே ஆன் செய்துகொள்ளலாம். ஏற்கெனவே இன்கஸ் ஓடுகிற இடத்தில் இதற்காக ஃப்ரீபிஎஸ்டிக்கு மாறத் தேவையில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஜெயிலையே சொல்வோம்.

காப்புப் பிரதிக்கு ஹோஸ்டிலிருந்தே அடுக்கோடு ஸ்னாப்ஷாட் எடுத்து, பண்புகளையும் சேர்த்து அடுத்த இயந்திரத்துக்கு அனுப்பலாம். ஜெயில்டு பண்பும் கூடவே போகும். அதனால் அங்கே அது தானாக மவுன்ட் ஆகாது. காலியாகத் தெரிகிறதே என்று பயந்து திரும்பவும் முழுவதையும் அனுப்ப வேண்டாம். யூஸ்டு பத்தியைப் பாருங்கள், தரவு உள்ளேதான் இருக்கும்.