பச்சை மின்சாரம் வாங்குமுன்: சான்றிதழில் இருப்பது யாருடைய காற்று?

சிங்கப்பூரில் 'பச்சை' என்ற பெயரில் விற்கப்படும் வீட்டு மின்சாரத் திட்டங்களை விலையை மட்டும் பார்த்து எடைபோட முடியாது. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் கம்பியில் வருவது ஒரே மின்சாரம்தான். அதில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாவது. கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது ஒரு காகிதம்: புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ். அந்தக் காகிதம் எவ்வளவு பெறும் என்பதே இங்கே கேள்வி.

ஒரு சான்றிதழ் என்பது சூரிய ஒளி, காற்று போன்றவற்றில் 1,000 கிலோவாட் மணி மின்சாரம் உற்பத்தியானதற்கான அத்தாட்சி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாலறை வீடு மாதம் 400 கிலோவாட் மணி செலவழித்தால் ஆண்டுக்கு 4,800. ஏறத்தாழ ஐந்து சான்றிதழ். கிலோவாட் மணிக்கு ஒரு காசு கூடுதல் என்றால் மாதம் 4 வெள்ளி, 9 விழுக்காடு பொருள் சேவை வரியோடு 4 வெள்ளி 36 காசு. பெரிய தொகை இல்லை. ஆனால் சில திட்டங்களில் 'பச்சை' என்பது பயன்பாட்டில் ஒரு பங்குக்கு மட்டும்தான். எத்தனை விழுக்காடு என்பதைத் தகவல் தாளில் தேடிப் பாருங்கள். இன்னும் சில திட்டங்கள் கொடுப்பது சான்றிதழே அல்ல, கரிம ஈட்டு அலகு. எங்கோ ஓரிடத்தில் கரிமத்தைக் குறைத்ததாகக் கணக்குக் காட்டும் அலகு அது. காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் அதில் இடமிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 'கரிமச் சமநிலை' என்று எழுதியிருந்தால் உடனே விளக்கம் கேட்க வேண்டும்.

சான்றிதழ்கள் மறுபடி விற்க முடியாதபடி கணக்கில் தீர்க்கப்பட்டதற்கான பத்திரத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அதில் நான்கு விஷயம் முக்கியம். நிலையத்தின் பெயரும் நாடும், சூரிய ஒளியா காற்றா நீரா என்ற வகை, உற்பத்தியான காலம், யார் பெயரில் தீர்க்கப்பட்டது என்பது. உற்பத்திக் காலத்தில்தான் அதிகம் கோளாறு வரும். பழைய ஆண்டுச் சான்றிதழ் மலிவு. இந்த ஆண்டு நீங்கள் எரித்த மின்சாரத்துக்கு அதைப் பொருத்துவது சரியான கணக்கல்ல. 'வாங்கி வைத்திருக்கிறோம்' என்ற பதிலும் போதாது. தீர்க்கப்படாத சான்றிதழை மறுபடி விற்கலாம். சிங்கப்பூரில் இதற்கென்றே 2021இல் எஸ்எஸ் 673 என்ற தரநிலை வந்தது. விற்பவர் அதைப் பின்பற்றுகிறாரா என்று கேட்பது நியாயமான கேள்வி.

இனி காற்று. சிங்கப்பூரில் சராசரிக் காற்று விநாடிக்கு 2 மீட்டர். வணிகக் காற்றாலைக்கு 4.5 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆடிக் காற்று வீசும் ஆரல்வாய்மொழிக் கணவாய் அல்ல இது. ஆகவே உங்கள் சான்றிதழில் 'காற்று' என்று இருந்தால் அது வெளிநாட்டு மலையோ கடற்கரையோதான். அந்த நிலம் யாருடையது, வருமானத்தில் அங்குள்ளவர்களுக்குப் பங்கு உண்டா என்பதைச் சான்றிதழ் சொல்வதில்லை. இந்தத் திட்டங்களின் பெரிய குறை இதுதான்.

இதைவிட நல்ல முறை கனடாவில் நடக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரசு மின் நிறுவனம் பி.சி. ஹைட்ரோ, 2024இல் மின்சாரக் கொள்முதலுக்கு அழைப்பு விடுத்தபோது, பூர்வகுடி மக்களுக்குக் குறைந்தது 25 விழுக்காடு உரிமைப் பங்கு இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்த டிசம்பரில் பத்துத் திட்டங்கள் தேர்வாயின. ஒன்பது காற்று, ஒன்று சூரியசக்தி. பூர்வகுடிகளின் பங்கு 49 முதல் 51 விழுக்காடு. கேட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒப்பந்தக் காலம் 30 ஆண்டு.

அந்த 30 ஆண்டில்தான் விஷயமே இருக்கிறது. கனடாவின் 'இந்தியர் சட்டம்' (இங்கே இந்தியர் என்பது பூர்வகுடிகள்) சொல்வதன்படி, அவர்களுக்கான ஒதுக்கீட்டு நிலத்தில் உள்ள சொத்தை வெளியாருக்கு அடமானம் வைக்க முடியாது. அடமானம் இல்லாவிட்டால் வங்கிக் கடன் கிடைப்பது அரிது. கடன் இல்லாமல் பங்கு வாங்கப் பணம் ஏது? அரசு நிறுவனம் 30 ஆண்டுக்கு மின்சாரம் வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டால் அந்த வருமானத்தை நம்பி வங்கி கடன் கொடுக்கும். மத்திய அரசும் இதற்கென 5 பில்லியன் கனடிய டாலருக்குக் கடன் உத்தரவாதத் திட்டம் அறிவித்து, 2025இல் அதை 10 பில்லியனாக்கியது. கியூபெக் மாநிலத்தில் மெஸ்கிக் உக்ஜூசன் காற்றாலைப் பண்ணையும் இப்படி நீண்ட ஒப்பந்தத்தோடு எழுந்ததுதான். மிக்மாக் என்ற பூர்வகுடியினரின் மொழியில் அந்தப் பெயருக்குப் 'பெருங்காற்று' என்று பொருள். 150 மெகாவாட், 47 காற்றாலைகள். 2016 முதல் மாநில அரசு மின் நிறுவனமான ஹைட்ரோ கியூபெக்குக்கு 20 ஆண்டு ஒப்பந்தத்தில் மின்சாரம் தருகிறது. பாதி உரிமை மூன்று மிக்மாக் சமூகங்களுக்கு.

நம் சான்றிதழோ காற்று வீசி, மின்சாரம் விற்று முடிந்த பிறகு கைமாறுவது. அதை நம்பி எந்த வங்கியும் புதிய காற்றாலைக்குக் கடன் கொடுத்துவிடாது. வியட்னாமிலிருந்து சிங்கப்பூருக்கு 1.2 கிகாவாட் மின்சார இறக்குமதிக்கு 2023 அக்டோபரில் நிபந்தனையுடன் ஒப்புதல் கிடைத்தது. பெரும்பகுதி கடற்காற்று மின்சாரம். அது கடலடிக் கம்பியில் வந்து சேரும் நாளில் இந்தக் குறையில் பாதி தீரும். அந்தக் கரையில் வலை வீசுபவர்களுக்குப் பங்கு உண்டா என்பதை இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

எங்கள் மதிப்பீடு ஐந்துக்கு மூன்று. நிலையத்தின் பெயரைச் சொல்லி, அதே ஆண்டுச் சான்றிதழைத் தீர்த்துக் காட்டும் திட்டம் என்றால் மாதம் நாலைந்து வெள்ளி கொடுக்கலாம். பத்திரத்தைக் காட்டத் தயங்கினால் சாதாரண நிலைவிலைத் திட்டமே மேல். 24 மாத ஒப்பந்தம் போடுமுன் இடையில் விலகினால் என்ன கட்டணம், வீடு மாறினால் என்ன விதி, காலம் முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கப்படுமா, அப்போதைய விலை என்ன என்று பாருங்கள். விற்கும் நிறுவனமே சந்தையை விட்டுப் போனாலும் விளக்கு அணையாது. கணக்கு, மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்துக்குத் திரும்பும். முன்வைப்புத் தொகை கட்டியிருந்தால் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் இதை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: "கடந்த ஆண்டு நீங்கள் தீர்த்த சான்றிதழ்கள் எந்தெந்த நிலையங்களுடையவை? அந்த நிலையங்களின் உரிமையாளர் யார்? நிலத்துக்கு உரியவர்களுக்கு அதில் எத்தனை விழுக்காடு பங்கு?" முதல் கேள்விக்கு இரண்டு வேலை நாளில் பதில் வர வேண்டும். மூன்றாவதுக்குப் பதில் வந்தால், கிலோவாட் மணிக்கு இன்னும் அரைக் காசு கூடக் கொடுக்கலாம்.